மாரியில் போட்ட பன்னிரண்டு கடிதங்கள்

ஐப்பசிக் கடைசியில் மட்டக்களப்பிலிருந்து போட்ட ஆறு கடிதங்களில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவை இரண்டுதான். ஒன்றில் முகவரி நீலக் குழம்பாகித் திரும்பி வந்தது. ஒன்றில் முத்திரை கழன்றுவிட்டது. ஒன்றின் உறை வாய் பிளந்திருந்தது. மற்றதில் உறை நல்லபடி இருந்தும் உள்ளே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பக்கத்து எழுத்து அடுத்த பக்கத்தில் கண்ணாடி பார்த்ததுபோலப் பதிந்திருந்தது. மார்கழியில் இன்னும் கடும் மழைக்குள் போட்ட ஆறும் ஒரு எழுத்துக்கூடக் கரையாமல் சேர்ந்தன. இடையில் என்னென்ன மாற்றப்பட்டன என்பதே இந்தப் பதிவு.

கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் இதில் பாதிக்குத் தேவையே இல்லை. அப்போது தாள் முறுகிக் கிடக்கும், மை தொட்ட இடத்திலேயே நிற்கும். வாடை தொடங்கியதும் அதே தாள் அப்பளம் நமுத்ததுபோலாகிவிடும். மாரியில் கடிதம் எழுதத் தொடங்குபவர் தன் கையெழுத்தைக் குறை சொல்வதற்கு முன் தாளைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

பேனை

எடுத்தது பழைய ஹீரோ 616 மைப்பேனை. பல வருடம் மேசை லாச்சிக்குள் கிடந்ததில் உள்ளே மை காய்ந்து கல்லாகியிருந்தது. முதற் பிழை அவசரம். கொதிநீருக்குள் முழுப் பேனையையும் போட்டதில் மை உறிஞ்சும் பையின் வாய் இளகிக் கழன்றுவிட்டது. பிளாஸ்டிக்குக்குக் கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் ஆகாது. நகப்பூச்சு அழிக்கும் திராவகமும் ஸ்பிரிட்டும் கிட்டவும் வரக்கூடாது, உடலையே கெடுத்துவிடும்.

பையைத் திரும்ப ஒட்டச் சூப்பர் குளூ வேண்டாம். அடுத்தமுறை கழற்ற வேண்டி வந்தால் உடைத்துத்தான் எடுக்கவேண்டும். தச்சுவேலைக்காரர் பொலிஷ் போட வைத்திருக்கும் அரக்குச் சீவலில் ஒரு சிட்டிகையைச் சில துளி ஸ்பிரிட்டில் கரைத்து, கழுத்தில் மட்டும் மெல்லிய வளையமாகப் பூசிப் பையை ஏற்றி ஒரு நாள் விட்டால் பிடித்துக்கொள்ளும். அரக்கில் சேரும் இந்தச் சில துளி ஸ்பிரிட் காற்றில் பறந்துவிடுவதால் பாதகமில்லை.

பிறகு சரியான வழி: ஒரு கோப்பை சாதாரணத் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் ஒரே ஒரு துளி. நிப்பை அதற்குள் நிறுத்தி இரவு முழுக்க விடவேண்டும். காலையில் பையை அமுக்கும் பக்கத் தகட்டை அமத்தி அமத்தி உறிஞ்சித் துப்பவிட்டு, தண்ணீரை மாற்றித் திரும்ப ஊறவிடவேண்டும். முதல் நாள் கறுப்பாக வந்தது, இரண்டாம் நாள் ஊதா, மூன்றாம் நாள் மாலைதான் தெளிந்த தண்ணீர். கடைசியாகச் சவர்க்காரம் இல்லாத தண்ணீரால் பத்துத் தடவை அலசவேண்டும். சவர்க்காரம் உள்ளே மிஞ்சினால் மை கட்டுக்கடங்காமல் வழியும், தாளிலும் ஊறும். இந்தப் பேனையின் நிப்பு கழுத்துக் கூட்டுக்குள் ஒளிந்திருப்பது. அந்தக் கூட்டைத் திருகிக் கழற்ற ஆசை வரும், தேவையில்லை.

மை நிரப்பும்போது தகட்டை ஒருதரம் அமத்திவிட்டு எடுப்பதுதான் பொதுவான தவறு. நிப்பு மையில் அமிழ்ந்திருக்க ஐந்து தரம் அமத்தி விட்டு, கடைசித் தரம் விட்டபின் பத்து வரை எண்ணி எடுத்தால்தான் பை நிறையும். பிறகு இரண்டு துளியைத் திரும்பப் போத்தலுக்குள் விட்டு, நிப்பைத் துணியால் துடைக்கவேண்டும். மை குறைந்த பேனையைச் சட்டைப் பைக்குள் வைத்தால் உடல் சூட்டில் உள்ளே காற்று விரிந்து மையைத் தள்ளும். கறை சட்டைக்குத்தான்.

சுரண்டும் நிப்பைத் தேய்க்க நகம் ராவும் அட்டை எடுத்தது இரண்டாவது பிழை. அது நிப்பு நுனிக்கு மிகக் கரடு. மண்ணிறக் கடதாசிப் பையின் மேல், அமத்தாமல், 8 என்ற இலக்கத்தை முப்பது தரம் எழுதினால் போதும். பத்துக்கு ஒருமுறை நிறுத்தி எழுதிப் பார்க்கவேண்டும். தேய்த்த உலோகம் திரும்பி வராது.

கை

போனில் தட்டிப் பழகிய விரலுக்கு முதல் பக்கத்திலேயே பெருவிரல் அடி கடுக்கும். காரணம் குமிழ்முனைப் பேனையின் பழக்கம்: அதை அமத்தினால்தான் மை வரும். மைப்பேனை தன் பாரத்திலேயே எழுதும். எழுதிய தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டுப்படக்கூடாது. தட்டுப்பட்டால் அமத்துகிறீர்கள். விரல்களை மட்டும் அசைக்காமல் முன்னங்கையோடு நகர்த்தி எழுதினால் கடுப்புக் குறையும். நாளுக்கு அரைப் பக்கம் எழுதிவந்தால் பத்து நாளில் கை வழிக்கு வந்துவிடும். அதன்பிறகு நிப்பு தாளில் உரசும் அந்தச் சின்னச் சத்தத்துக்காகவே இன்னொரு பக்கம் எழுதத் தோன்றும். மைப்பேனைக்காரர் அதிகம் பேசாத இலாபம் அது.

தமிழுக்கு மெல்லிய நிப்பே நல்லது. ஞ, ண, ஐ, ஜ, ழ எல்லாம் சுழியால் ஆனவை. தடித்த நிப்பில், ஊறும் தாளில், சுழி அடைபட்டு ண எது ன எது என்று தெரியாமல் போகும். வெள்ளைத் தாளின் அடியில் வைக்க 9 மில்லிமீற்றர் இடைவெளியில் கறுப்புக் கோடு போட்ட ஒரு தாள் செய்துகொள்ளவேண்டும். ஏ5 தாளில் மேலே 20, கீழே 12 மில்லிமீற்றர் விட்டால் பத்தொன்பது வரி கிடைக்கும். 7 மில்லிமீற்றரில் போட்டுப் பார்த்ததில் மேல்வரியின் ழு, ளு என்பவற்றின் வால் கீழ்வரியின் கொம்புகளில் போய் மோதியது.

தாள்

போட்டோக்கொப்பிக் கடைத் தாளில் மை ஏன் ஊறுகிறது என்று பார்த்தால், மைக்குத் தடையாக ஆலையில் பூசப்படும் பசைப்பொருள் அதில் குறைவு. அச்சு இயந்திரத்தின் தூள் மைக்கு அது போதும், திரவ மைக்குப் போதாது. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் வைக்கோலை மூலப்பொருளாக வைத்துத் தொடங்கியது. அந்த ஞாபகத்தில் வைக்கோல் இருக்கும் ஊரில் கஞ்சியும் இருக்குமே என்று, தாளுக்கு வீட்டிலேயே அரிசிக் கஞ்சி பூசும் யோசனை வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் அரிசி மா, கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, அகன்ற தூரிகையால் இரு பக்கமும் பூசிக் கொடியில் உலர்த்தி, அயன் பண்ணியது. மை ஊறுவது உண்மையிலேயே நின்றது. ஆனால் தாள் அலையலையாக நெளிந்தது. இரண்டு கிழமைக்குள் ஓரங்களை வெள்ளிமீன் பூச்சி அரித்துவிட்டது. ஆறு தாளுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. இனிச் செய்யமாட்டோம்.

சுலபமான வழி வேறாக இருந்தது. எழுதுவதற்குச் சற்று முன், நீராவி இல்லாமல், மிதமான சூட்டில் தாளைப் பத்து விநாடி அயன் பண்ணினால் மாரியிலும் ஊறல் பாதிக்கு மேல் குறைகிறது. மிச்சத் தாளை மூடி இறுக்கமான பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து, பொன்னிறமாக வறுத்து ஆறவிட்ட 200 கிராம் அரிசியைத் துணியில் முடிந்து கூடப் போடவேண்டும். கிழமைக்கு ஒருமுறை அரிசியைத் திரும்ப வறுக்கவேண்டும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பக்கற் கிடைத்தால் அது இன்னும் திறம்.

மை

முதல் தொகுதியில் செய்த பெரிய மடைத்தனம், கடிதம் எழுதிய அதே மையால் முகவரியும் எழுதியது. கழுவிப் போகக்கூடியது என்று போத்தல் லேபலிலேயே எழுதியிருந்த நீல மை.

திரும்பி வந்த உறையைப் பார்த்தபிறகுதான் சோதனை நடந்தது. ஒரே தாளில் ஐந்து கீற்று: கழுவும் நீலம், கறுப்பு மை, நிரந்தர நீலக்கறுப்பு, குமிழ்முனை, பென்சில். ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் சிரிஞ்சால் ஐந்து துளி தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து ஒற்றி எடுத்தது. நீலம் அடையாளமே இல்லாமல் போனது. கறுப்புத்தான் ஏமாற்றியது. அடர்த்தியாகத் தெரிந்த மை சாம்பல் குளமாகப் பரந்தது. நீலக்கறுப்பில் நீலம் ஓட, கீழே சாம்பல் நிறக் கோடு வாசிக்கும்படி நின்றது. குமிழ்முனைக்கும் பென்சிலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே கடிதத்துக்கு நீலக்கறுப்பு, முகவரிக்குக் குமிழ்முனை என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடுக்காய் மை செய்து பார்த்தது இந்த வேலையிலேயே ருசியான பகுதி.

நாட்டுமருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கிடைக்கும். அன்னபேதி இளம்பச்சைக் கட்டியாக இருக்கவேண்டும், மண்ணிறத் தூளாகிவிட்டது பழையது. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 20 கிராமை இடித்து, 200 மில்லி மழைத்தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, மறுநாள் மண்சட்டியில் பாதியாக வற்றும்வரை சிறு நெருப்பில் காய்ச்சவேண்டும். இரும்புச் சட்டி ஆகாது, காய்ச்சும்போதே கறுத்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் செய்த முதல் சட்டியில் அடியில் வண்டல் கட்டியது. உப்புத் தண்ணீர்ப் பக்கத்துக் கிணறு என்றால் இது நடக்கும். இரட்டைத் துணியில் வடித்து, சூடு ஆறியபின் 6 கிராம் அன்னபேதியைப் போட்டுக் கலக்கினால் கண்முன்னே சாயம் மாறும். கடைசியில் 3 கிராம் வேலம்பிசினைக் கரைத்துச் சேர்க்கவேண்டும். அது இல்லாவிட்டால் மை முனையில் நிற்காமல் சொட்டும்.

எழுதும்போது மங்கலாக இருந்து, காற்றுப் பட ஒரு நாளில் கறுக்கும். கறுத்தபின் தண்ணீர்ச் சோதனையில் அசையவில்லை. இரண்டு எச்சரிக்கை உண்டு. ஒன்று, மூன்று கராம்பு போடாவிட்டால் ஒரு கிழமைக்குள் மேலே பூஞ்சணம் படரும். மற்றது, இதை மைப்பேனைக்குள் ஒருபோதும் விடக்கூடாது. வண்டல் அடைக்கும், புளிப்பு உருக்கு நிப்பை அரிக்கும். சித்திரம் வரையும் இந்தியன் மைக்கும் இதே தடைதான். அதில் அரக்குச் சேர்ந்திருப்பதால் உள்ளே காய்ந்தால் பேனை போச்சு.

இந்த மைக்கு முக்கி எழுதும் எழுதுகோல் வேண்டும். வாவிக் கரையில் பன் புல் தாராளம் என்று அதை வெட்டிப் பார்த்ததில், பாய்க்கு ஏற்றது எழுத்துக்கு ஆகாது என்று தெரிந்தது. உள்ளே பஞ்சு. காய்ந்த மூங்கில் குச்சி, சுண்டுவிரல் பருமன், 18 சென்ரிமீற்றர் நீளம். நுனியை 3 சென்ரிமீற்றருக்குச் சாய்வாகச் சீவி, உள்பக்கத்தைச் சுரண்டி, முனையை 1 மில்லிமீற்றர் அகலத்துக்கு வெட்டவேண்டும். முனையிலிருந்து 10 மில்லிமீற்றரில், பழுக்கக் காய்ச்சிய ஊசியால் முதலில் ஒரு துளை. அதன்பின்தான் முனையிலிருந்து துளை வரை கீறல். துளையில்லாமல் கீறிய இரண்டு குச்சி அடிவரை பிளந்தன. இந்த முனைக்கு எழுத்து 7 மில்லிமீற்றர் உயரம் இருந்தால் சுழி திறந்து நிற்கும். முகவரிக்கு அளவான உயரமும் அதுவே.

உறை

கடை உறையின் பசை மாரியில் தானாகவே பெட்டிக்குள் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டவேண்டிய நேரத்தில் ஒட்டுவதில்லை. ஏ4 தாள் ஒன்றில் ஒரு உறை வெட்டலாம். அகலம் 210 மில்லிமீற்றரில் இரு பக்கக் காதுக்கும் 24, 24 போக நடுவில் 162. நீளத்தில் கீழிருந்து 105 பின்பக்கம், 114 முன்பக்கம், 50 மூடும் வாய். மேலே மிஞ்சும் 28ஐ வெட்டிவிடவேண்டும். பின்பக்கத்துக்கும் வாய்க்கும் இருபுறமுள்ள 24 மில்லிமீற்றர் பட்டைகளையும் வெட்டி எறிய, முன்பக்கத்தின் இரு காது மட்டும் மிஞ்சும். ஏ5 தாளை ஒருதரம் மடித்தால் 148க்கு 105, இதற்குள் இலேசாக இறங்கும். மடிக்கும் கோட்டை எழுதாத குமிழ்முனைப் பேனையால் அடிமட்டம் வைத்து ஒருமுறை கீறிவிட்டு மடித்தால் மடிப்பு நேராக விழும்.

பசைக்கு முதலில் கோதுமை மா காய்ச்சியது. முதல் தொகுதியில் வாய் பிளந்தது அந்த உறைதான். ஈரம் பட்டால் அது திரும்பக் களியாகிறது. தச்சுவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையை, தண்ணீர் கலக்காமல், தீக்குச்சி நுனியால் ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கோடாக இழுத்து, புத்தகத்தின் அடியில் அரை மணி வைத்தால் போதும். அகலமாகப் பூசினால் தாள் நெளியும், உள்ளே கசிந்து கடிதத்தையும் ஒட்டும்.

உள்ளே பொலித்தீன் சுற்றலாம் என்று தோன்றும். தாள் ஒட்டிய அந்தக் கடிதம் பொலித்தீன் சுற்றியதுதான். நமுத்த தாளைக் காற்றுப் புகாமல் கட்டினால் ஈரம் உள்ளேயே வேலை செய்கிறது. இரண்டாம் தொகுதியில் பொலித்தீன் இல்லை. எழுதியதை ஒரு இரவு ரின்னுக்குள் அரிசியோடு வைத்து, அதன்பின் மடித்தது மட்டுமே.

வெளிப்பக்கக் காவலுக்கு வெள்ளை மெழுகுதிரி. முகவரி காய்ந்து ஒரு நாள் சென்றபின், எழுத்தின் மேல் படுக்கையாக இரண்டு தரம் தேய்த்தால் துளி உருண்டு ஓடும். முத்திரை ஒட்டும் மூலைக்கு 5 சென்ரிமீற்றர் கிட்ட மெழுகு போகக்கூடாது. முத்திரையும் பிடிக்காது, தபாற் கந்தோர்ச் சீலும் விழாது.

பாரம், முத்திரை

2022 ஆவணியில் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாகக் கூட்டியபின், உள்நாட்டுச் சாதாரணக் கடிதம் 20 கிராமுக்குள் நிற்பது முக்கியமாகிவிட்டது. கணக்கு இலேசு. 80 கிராம் தாள் என்றால் ஒரு சதுர மீற்றர் 80 கிராம். பதினாறு ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். ஆக ஏ4 ஒன்று 5 கிராம், ஏ5 ஒன்று 2.5. வெட்டிய உறை 4 கிராமுக்குச் சற்றுக் கீழே. ஆறு ஏ5 தாள் போட்டால் 19க்குச் சற்றுக் கீழே, தாராளம் என்று நினைத்தால் மாரி மாட்டிவிடும். தாள் ஈரம் குடித்துப் பாரம் கூடும். வீட்டில் சரியாக வந்தது கருமபீடத் தராசில் 20ஐத் தாண்டியது. ஐந்து தாளோடு நிறுத்தினால் எந்தக் காலநிலைக்கும் பயமில்லை. 100 கிராம் தாள் என்றால் நான்கு.

சமையல் தராசு ஒரு கிராம் இரண்டு கிராம் பொய் சொல்லும். சட்டை மாட்டும் ஹேங்கரை நடுவில் நூலால் தொங்கவிட்டு, இரு முனையிலும் ஒரே அளவான பொலித்தீன் பை கட்டி, வெறுமையாகச் சமன் பார்த்தபின், ஒன்றுக்குள் சிரிஞ்சால் 20 மில்லி தண்ணீர் விடவேண்டும். அது 20 கிராம். மற்றதில் கடிதம். தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்தால் கடிதம் தப்பியது. நான்கு ஏ4 தாளைப் படிக்கல்லாக வைத்த யோசனை பிழைத்தது, படிக்கல்லும் சேர்ந்து ஈரம் குடித்துப் பாரம் கூடியதால்.

முத்திரை கழன்றதற்குக் காரணம் தண்ணீர் குறைந்ததல்ல, கூடியது. நனைந்த பஞ்சில் இழுத்து ஒட்டியதில் பசை பஞ்சோடு போய்விட்டது. விரல் நுனி ஈரம் போதும். ஒட்டி, ஒற்றுத்தாள் வைத்து உள்ளங்கையால் இருபது விநாடி அமத்தவேண்டும். வாங்கி வைக்கும் முத்திரைகளை அடுக்காமல், இடையிடையே மெழுகுத்தாள் வைத்து அதே பிஸ்கட் ரின்னுக்குள் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது.

முகவரியில் ஊர்ப் பெயரும் தபாற் குறியீடும் ஒரே வரியில், கடைசியில்: மட்டக்களப்பு 30000, கல்முனை 32300, அம்பாறை 32000. தெற்கே போகும் கடிதத்துக்கு ஊர்ப் பெயரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இன்னொருதரம் எழுதினால் பிரிப்பவருக்கு உதவி. அனுப்புபவர் முகவரி பின்பக்கம், குமிழ்முனையால். முகவரி கரைந்த கடிதம் திரும்பி வந்ததே அதனால்தான்.

இரண்டாம் தொகுதியில் கல்முனைக்குப் போனது மூன்றாம் நாள் சேர்ந்தது, யாழ்ப்பாணத்துக்குப் போனது எட்டாம் நாள். முத்திரைக்குப் பன்னிரண்டுக்குமாக 600 ரூபா, தாளும் உறையும் கடிதம் ஒன்றுக்கு 20 ரூபாவுக்குள், கடுக்காய் மை ஒரு சிறு போத்தல், அதில் இன்னும் முக்கால்வாசி மிச்சம். பெற்றவர்களிடம் உறைகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்ததில் ஒரு குறை மட்டும் தெரிந்தது. மெழுகு ஓரத்தில் தடித்த இடத்தில் வெயில் பட்டு உருகி, தாள் எண்ணெய் பட்டதுபோல ஒளி புகும்படி ஆகியிருந்தது. எழுத்துக்குச் சேதமில்லை. அடுத்தமுறை இரண்டு தரம் தேய்ப்பதை ஒன்றாகக் குறைத்து, மேலே ஒரு தாள் வைத்து இளஞ்சூட்டில் ஒருதரம் அயன் ஓட்டிப் பார்க்கவேண்டும். மூங்கில் முனையையும் 0.8 மில்லிமீற்றராக்கவேண்டும், "அக்கரைப்பற்று" ஒரு வரிக்குள் அடங்கவில்லை.